தீராத நோயும் தீராத கடனும்

ஒரு வீட்டிலே கொடிய நோய் புகுந்துவிட்டால் அந்த வீட்டின் நாட்களே மாறிவிடுகின்றன. திருவிழா, விதைப்பு, வேலியடைப்பு, பிள்ளைகளின் பரீட்சை என்று எண்ணப்பட்டு வந்த நாட்கள், கிளினிக் நாள், இரத்தப் பரிசோதனை நாள், மருந்து முடியும் நாள் என்று எண்ணப்படத் தொடங்குகின்றன. வீட்டார் வைத்தியரை நம்பி ஓடுகின்றார்கள். ஆலயத்திற்கு வந்து நேர்த்தி வைக்கின்றார்கள். காணி ஈடு வைத்தேனும் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேடுகின்றார்கள். இவை யாவும் செய்யத்தக்கனவே.

ஆனால் ஒருநாள் வைத்தியர் மூத்த மகனைத் தனியே அழைத்து, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லி விடுகின்றார். அந்த ஒரு வசனத்தோடு வைத்தியசாலையின் கதவும் சாத்தப்பட்டுவிட்டதாக வீட்டார் உணர்கின்றார்கள். நோயாளியோ இன்னும் உயிரோடிருக்கின்றார். அவருக்கு நோவு இருக்கின்றது, பசி இருக்கின்றது, பயம் இருக்கின்றது, சொல்லி முடியாத சொற்களும் இருக்கின்றன. அப்படியாயின் "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பது உண்மையா? காப்பாற்ற முடியாத ஒருவருக்கு மற்றவர்கள் பட்டிருக்கும் கடன் எது? அறநூல் கற்றோர் மாத்திரமன்றி, ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் விடை கூறவேண்டிய வினா இது.

இவ்வினாவுக்குத் தமது தொழிலாலேயே நாள்தோறும் விடை கூறிவரும் ஒரு கூட்டத்தார் இருக்கின்றனர். அவர்கள்தான் நோய்த்தணிப்புப் பராமரிப்பிலே விசேட பயிற்சி பெற்ற தாதியர். அவர்களின் பணியை நோக்குவது மேற்கூறிய வினாவைத் தெளிவாக்கிக்கொள்ள உதவும்.

ஒரு யன்னலின் கதை

இப்பணியின் இன்றைய வடிவம் இங்கிலாந்திலே உருவானது. அதனை உருவாக்கியவர் 1918 ஆம் ஆண்டு பிறந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டிருந்த அவர், இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அக்கல்வியை விட்டு, 1940 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையின் நைற்றிங்கேல் தாதியர் கல்லூரியிற் சேர்ந்தார். தாதியாகத் தேறிய பின்னர் முதுகு உபாதை காரணமாக அத்தொழிலைத் தொடர இயலவில்லை. மனம் தளராது, வைத்தியசாலைச் சமூக சேவை உத்தியோகத்தராகப் பயின்று மீண்டும் நோயாளரிடமே வந்தார்.

1947 இல் அவர் டேவிட் ரஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். போலந்திலிருந்து வந்த யூத அகதியான அவருக்கு வயது நாற்பது. சத்திரசிகிச்சையால் அகற்ற முடியாத புற்றுநோய். அந்நகரில் உறவென்று சொல்ல எவருமில்லை. வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லாமற் போகின்றேனே என்பதே அவரது பெருந்துயரம். சோண்டர்ஸ் அவரிடம் திரும்பத் திரும்பச் சென்று அமர்ந்தார். இறக்கும் நிலையிலுள்ளோர் நோவின்றியும் தனிமையின்றியும் இருப்பதற்கு ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். 1948 பெப்ரவரியில் ரஸ்மா காலமானார். தம்மிடமிருந்த ஐந்நூறு பவுணை அவர் சோண்டர்ஸுக்கு எழுதி வைத்திருந்தார். அமையவிருக்கும் இல்லத்தில் தாம் ஒரு யன்னலாக இருக்க விரும்புவதாகக் கூறியிருந்தார்.

இல்லம் இல்லை, காணி இல்லை, ஒரு யன்னலுக்கு மாத்திரம் பணம் இருந்தது. இறப்போரை வைத்தியர்களே கைவிடுகின்றார்கள், ஆகையால் வைத்தியம் படியுங்கள் என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் சொன்ன புத்திமதியைக் கேட்டு, முப்பது வயதைக் கடந்த நிலையில் அவர் மருத்துவம் படிக்கத் தொடங்கி 1957 இல் வைத்தியரானார். பத்தொன்பது ஆண்டுகளாக மனத்திலிருந்த இல்லம் 1967 இல் தென்கிழக்கு இலண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லமாகத் திறக்கப்பட்டது. ரஸ்மாவின் நினைவான யன்னல் அங்கே இருக்கின்றது. 1969 முதல் அந்த இல்லத்தார் நோயாளரின் வீடுகளுக்கும் செல்லத் தொடங்கினர். 2005 ஆம் ஆண்டு, புற்றுநோயுற்றிருந்த சோண்டர்ஸ் அம்மையார் தாம் கட்டிய அதே இல்லத்தில் அமைதியாகக் கண்மூடினார்.

தாதி, சமூக சேவையாளர், வைத்தியர் என்ற மூன்று பணிகளையும் செய்த காரணத்தாற்போலும், நோவு என்பது உடம்பில் மாத்திரம் உண்டாவதன்று என்பதை அவர் கண்டுகொண்டார். உடல் நோவு, மன வேதனை, குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, "எனக்கு ஏன் இது வந்தது" என்ற ஆன்மிகத் தவிப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிய கயிறு போன்றவை. இதனை முழு வேதனை என்று அவர் குறிப்பிட்டார். ஒரு புரியை மாத்திரம் அறுத்தாற் கயிறு அறாது.

தாதி செய்வது என்ன?

இங்கிலாந்தில் டக்ளஸ் மக்மிலன் என்பவர், தமது தந்தை புற்றுநோயால் வருந்தி இறந்ததைக் கண்டபின், 1911 இல் ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். அச்சங்கத்தின் வழிவந்த மக்மிலன் தாதியர் 1975 முதல் பணியாற்றி வருகின்றனர். அவர்களையும் அவர்களையொத்த ஏனைய விசேட தாதியரையும் பற்றி, அவர்கள் சாகும் வீட்டுக்கு வருபவர்கள் என்றே பலர் நினைக்கின்றார்கள். அது பிழையான எண்ணமாகும். நோய் கண்டறியப்பட்ட நாள் தொட்டே அவர்களின் உதவி தேவைப்படலாம்.

இத்தாதி வீட்டுக்குள் வந்ததும் முதலிற் செய்வது, நோயாளியின் பக்கத்தில் இருந்து கேட்பதேயாகும். எங்கே நோகின்றது? குத்துகின்றதா, எரிகின்றதா, இழுக்கின்றதா? எந்நேரம் கூடுகின்றது? பத்துக்கு எத்தனை என்று சொல்லலாம்? எலும்பில் நோவது வேறு, நரம்பில் எரிவது வேறு, மலம் இறுகி வயிறு நோவது வேறு. எலும்பு நோவுக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்ச் சிகிச்சை கூடப் பலருக்கு ஆறுதல் தரும். நரம்பு எரிவுக்கு வேறு வகைக் குளிசை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நோவு என்று எண்ணி ஒரே குளிசையைக் கொடுப்பவர் கேட்காமற் கொடுப்பவராவார்.

அடுத்ததாக அவர் மணிக்கூட்டைப் பார்க்கின்றார். நோ வந்து, நோயாளி கத்தி, வீட்டார் பதறி, அதன் பின்னர் மருந்து தேடுவது பழைய முறை. அம்முறையில் நோயாளி அடுத்த நோவுக்குப் பயந்துகொண்டே இருப்பார். மருந்தை நேரம் தவறாது, முன்னையதன் பலன் தீருமுன் கொடுத்தால் நோ தலைதூக்காது. சாதாரண வாய்வழி மோர்பினாயின் நான்கு மணித்தியாலத்திற்கு ஒருமுறை என்பது வழக்கம். இடையில் நோ வந்தால் மேலதிகமாகக் கொடுக்க, நாள் முழுவதற்குமான அளவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு தனியே குறித்து வைக்கப்படும். மோர்பின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வருமாதலால் அதற்கான மருந்தும் கூடவே கொடுக்கப்படும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மோர்பின் உடம்பில் தங்கிவிடுமாதலால் அளவு குறைக்கப்படும் அல்லது வேறு மருந்து தேடப்படும். 1986 இல் உலக சுகாதார நிறுவனம், சாதாரண குளிசையில் தொடங்கிப் படிப்படியாக மோர்பின் வரை ஏறும் முறையை ஏழை நாடுகளும் பின்பற்றத்தக்க விதத்தில் வகுத்துக் கொடுத்தது.

விழுங்க முடியாத நிலை வந்தால், மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு கருவி இருபத்துநான்கு மணித்தியாலமும் தோலின் கீழே மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும். மூச்சு முட்டுபவருக்கு முகத்துக்கு நேரே சிறு மின்விசிறியைப் பிடிப்பதே பேருதவியாக இருக்கும். உதடும் நாவும் காயாமல் நனைத்துக் கொடுத்தல், படுக்கைப்புண் வராமற் பக்கம் மாற்றிக் கிடத்துதல் என்பனவும் மருந்துக்கு நிகரானவை.

ஒரு சிறு காரியத்தை எடுத்துக்கொள்வோம். சில புற்றுநோய்கள் தோலைப் பிளந்து புண்ணாகி நாற்றமெடுக்கும். அந்த நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் கூடக் கிட்ட வரமாட்டார்கள். சாப்பாடு கொண்டுவரும் மருமகள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். நோயாளி தம்மைத் தாமே அருவருக்கத் தொடங்குவார். மெற்றோனிடசோல் என்ற விலை மலிந்த மருந்தைப் புண்ணின்மேற் பிரயோகித்தால் பெரும்பாலும் சில நாட்களில் நாற்றம் அடங்கிவிடும். புற்றுநோய் சிறிதும் குறையவில்லை. ஆனால் பேரப்பிள்ளை மீண்டும் கட்டிலில் ஏறி இருக்கின்றது. இதனைச் "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று எவர் சொல்லத் துணிவார்?

நோவைத் தணிப்பது வினைக்கு விரோதமா?

எமது மக்களிடையே ஓர் எண்ணம் உண்டு. நோவு முன்வினைப் பயன், அதனை அனுபவித்தே தீர்க்கவேண்டும், மருந்து கொடுத்து மறைத்தால் மிச்சம் அடுத்த பிறவிக்குப் போகும் என்பர். இதை நோயாளியே சொல்லிப் பொறுத்துக்கொள்வாராயின் அது அவரது நம்பிக்கை. அதனை எவரும் இகழ்தல் ஆகாது. ஆனால் பக்கத்தில் நிற்பவர் அதைச் சொல்வது வேறு.

பசியும் வினைப்பயன் என்றே கொள்ளலாம். ஆயினும் திருவிழாக் காலத்தில் அன்னதானப் பந்தலில் வந்தமர்ந்தவரைப் பார்த்து, "உன் வினையை நீயே அனுபவி" என்று எவரும் இலையை எடுப்பதில்லை. வினை என்ற சொல் தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதற்கு உதவும் ஊன்றுகோல். பிறர் துன்பத்தைக் கண்டு விலகி நடப்பதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது. மேலும், துன்புறுபவரின் வினை எது என்று அறியாதவருக்கும், அவர் அருகே தாம் நிற்பது எதற்காக என்பது தெரியும்.

பெரியபுராணத்தில் திருநாவுக்கரசு நாயனாரின் சரிதம் இங்கே நினைக்கத்தக்கது. சூலை நோயால் வருந்திய அவர் இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தமக்கையாரிடம் வந்து அடியில் வீழ்ந்தார். அந்நோய் இறைவன் அவரை ஆட்கொள்ளும் பொருட்டுத் தந்தது என்பதே புராணம் கூறும் செய்தி. அவ்வாறிருந்தும் திலகவதியார், "இது இறைவன் தந்தது, கிடந்து அனுபவி" என்று சொல்லவில்லை. எழுந்திரு என்றார், திருநீறு கொடுத்தார், கூடவே திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயின் காரணம் எதுவாயினும், அழுதுகொண்டு வந்தவருக்கு அருகிலிருப்பவர் செய்யவேண்டியது எதுவென்பதை அத்தமக்கையாரின் செயல் காட்டுகின்றது.

மோர்பின் பற்றிய வேறொரு பயமும் உண்டு. அது போதைப்பொருள், அடிமையாக்கிவிடும், உயிரைச் சீக்கிரம் முடித்துவிடும் என்பர். நோவுக்கு அளவாக, படிப்படியாக, கண்காணிப்புடன் கொடுக்கப்படும் மோர்பின் உயிரைப் பறிப்பதில்லை என்பதே இத்துறையின் அனுபவம். முதற் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் வரலாம், பின்பு பெரும்பாலும் தணிந்துவிடும். அளவு தப்பினால் ஆபத்தே. ஆகையினாற்றான் பயிற்சி பெற்ற தாதி தேவைப்படுகின்றார்.

இதில் அறத்தின் நுட்பமான ஓர் இடம் உண்டு. 1957 இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கில் நீதிபதி டெவ்லின், குணமாக்க முடியாத இடத்திலும் நோவைத் தணிக்கத் தகுந்ததும் தேவையானதுமான யாவையும் செய்ய வைத்தியருக்கு உரிமையுண்டு, அதனால் தற்செயலாக ஆயுள் சிறிது குறைய நேரினும் அது குற்றமாகாது என்ற கருத்துப்பட யூரர்களுக்கு விளக்கினார். கொல்லும் எண்ணமும் நோவைத் தணிக்கும் எண்ணமும் வெவ்வேறானவை. கொல்ல நினைப்பவன் உயிர் போகும் அளவைத் தேடுவான். தணிக்க நினைப்பவர் நோ நிற்கும் மிகக் குறைந்த அளவைத் தேடுவார், அது கிடைத்ததும் அங்கே நிறுத்துவார். எண்ணத்தின் சாட்சி அளவிலேயே இருக்கின்றது. சாவை விரைவுபடுத்துவதுமில்லை, தள்ளிப்போடுவதுமில்லை என்பதே நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த கொள்கை.

சொல்லலாமா, மறைக்கலாமா?

மிகவும் கடினமான வினா இதுவே. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். தந்தைக்கு நோய் முற்றிவிட்டது. வைத்தியர் மகனுக்குச் சொல்கின்றார். மகன் தாய்க்குச் சொல்கின்றான். வெளிநாட்டிலுள்ள மகளுக்கும் செய்தி போகின்றது. ஊர் முழுவதும் அறிந்துவிடுகின்றது. தந்தைக்கு மாத்திரம் "அது சாதாரண அல்சர்" என்று சொல்லப்படுகின்றது. இப்படிச் செய்வது பொய்யில் ஆசை கொண்டல்ல, அன்பினாலேயே. அவர் இடிந்துபோவார் என்ற பயத்தினாலே.

ஆனால் தந்தை குருடரல்லர். தமது உடம்பு மெலிவதை அவர் காண்கின்றார். வராத உறவினரெல்லாம் வருவதைக் காண்கின்றார். மனைவி குசினிக்குள் நின்று கண்ணைத் துடைப்பதைக் காண்கின்றார். தமக்குத் தெரியும் என்று சொன்னால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று நினைத்து அவரும் பேசாதிருக்கின்றார். ஒருவரையொருவர் காப்பதற்காக எல்லோரும் நடிக்கின்றார்கள். அந்த நடிப்பின் நடுவே தந்தை தனித்துப் போகின்றார். காணி உறுதி எங்கே என்று சொல்வதற்கும், பத்து வருடமாகப் பேசாத தம்பியைக் கூப்பிடுவதற்கும், "நீ என்னை நல்லாய்ப் பார்த்தாய்" என்று மனைவியிடம் சொல்வதற்கும் அவருக்கு வாய்ப்பில்லாமற் போய்விடுகின்றது. போன பின்னர் அவற்றை எவரிடம் கேட்பது?

இங்கே பயிற்சி பெற்ற தாதி உண்மையைக் கல்லைப் போல எறிவதில்லை. குடும்பத்தாரின் பயத்தையும் முதலிற் கேட்டறிகின்றார். பின்னர் நோயாளியிடமே கேட்கின்றார்: "உங்களுக்கு என்ன வருத்தம் என்று விளங்கியிருக்கிறீர்கள்? இன்னும் அறிய விரும்புகிறீர்களா, அல்லது பிள்ளைகளிடம் சொன்னால் போதுமா?" வேண்டாம் என்பவரிடம் திணிப்பதில்லை. அறியாதிருக்கும் உரிமையும் அவருடையதே. வேண்டும் என்பவருக்கு, அவர் கேட்ட அளவுக்கு, அவர் தாங்கும் வேகத்தில் சொல்லப்படுகின்றது. சொன்ன பின்னர் எழுந்து போகாமல் அழுது முடியும்வரை கூட இருப்பது அதைவிட முக்கியம். உண்மை நோயாளிக்குரிய சொத்து. பிள்ளைகள் அதனைக் காக்கும் பொறுப்பாளர்களாக இருக்கலாம், உரியவர் கேட்கும்போது இல்லையென்று சொல்ல இயலாது.

கடைசிப் பால்

உணவு பற்றியும் ஒரு தர்மசங்கடம் உண்டு. சாப்பிடாதவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எமது மக்களால் தாங்க முடியாத காரியம். "பட்டினியோடு அனுப்பலாமா?" என்று கேட்டுக் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவார்கள். ஆயின், உடம்பு ஓய்வுக்கு ஆயத்தமாகும் கடைசி நாட்களில் அது உணவைக் கேட்பதில்லை. சாப்பிடாததால் இறப்பு வருவதில்லை, இறப்பு நெருங்குவதால் சாப்பாடு வேண்டாமற் போகின்றது. அந்நிலையில் ஊட்டப்படுவது மூச்சுக்குழாய்க்குள் போய்த் திணறலை உண்டாக்கலாம்.

உயிர் பிரியும் வேளையில் உறவினர் ஒவ்வொருவராக வாயிற் பால் விடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அறிவுள்ள தாதி அதனைத் தடுத்து மனத்தைப் புண்படுத்தமாட்டார். பஞ்சை நனைத்து உதட்டிலும் நாவின் நுனியிலும் தடவக் காட்டிக் கொடுப்பார். நோயாளிக்குத் திணறலும் இல்லை, பிள்ளைக்குக் கடமை தவறிய குறையும் இல்லை. அன்புக்கும் அறிவுக்கும் இடையே சண்டை வரவேண்டியதில்லை என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கைவிடுதலும் விட்டுக்கொடுத்தலும்

இப்பராமரிப்பை ஏற்பது, போராடாமற் கைவிடுவது அல்லவா என்று கேட்கப்படலாம். 2010 இல் அமெரிக்காவிலே, பரவிவிட்ட நுரையீரற் புற்றுநோயுள்ள 151 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று வெளிவந்தது. வழமையான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, நல்ல நிலையில் வாழ்ந்தனர். கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே பெற்றனர். அவ்வாறிருந்தும் அவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதமாக இருந்தது. மற்றவர்களுக்கு அது 8.9 மாதமே. எல்லா நோய்க்கும் இக்கணக்கு பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆயினும் ஆறுதல் தருவது ஆயுளைக் குறைக்கும் என்ற பயம் தேவையற்றது என்பதை இது காட்டுகின்றது.

இத்துறையிலும் தவறுகள் நேர்ந்ததுண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் முறை என்ற பெயரில், இறக்கும் நிலையிலுள்ளோருக்குச் செய்யவேண்டியவற்றை வரிசைப்படுத்திய ஒரு படிவம் வைத்தியசாலைகளில் வழங்கியது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதாயினும், நாளடைவிற் சில இடங்களில் நோயாளியின் முகத்தைப் பாராமற் படிவத்தின் கட்டங்களை நிரப்பும் வேலையாக அது மாறியது. தண்ணீர் கூட மறுக்கப்பட்டதாகவும், குடும்பத்தாருக்குச் சொல்லப்படவில்லை என்றும் முறைப்பாடுகள் எழுந்தன. 2013 இல் ஒரு விசாரணைக் குழு அதனை ஆராய்ந்து கைவிடுமாறு கூறியது. 2014 இல் அது நீக்கப்பட்டது. படிவம் நிரம்பியிருந்தால் கடமை முடிந்தது என்று எண்ணும் பழக்கம் கந்தோர்களில் மாத்திரம் உள்ளதன்று. கருணை கூட அவ்வப்போது புதிதாகக் கண்விழித்துப் பார்க்காவிட்டால் வெறும் சடங்காகிவிடும்.

பக்கத்து ஊர் காட்டிய வழி

இவையெல்லாம் பணக்கார நாட்டுக் காரியங்கள் என்று ஒதுக்கவும் முடியாது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993 இல் வைத்தியர்கள் இராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோரும் நண்பர்களும் நோவு தணிப்புக்கென ஒரு சங்கத்தை ஆரம்பித்தனர். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தால் இந்தியாவில் மோர்பின் பெறுவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. நாளடைவில் அப்பணி அயலவர் வலையமைப்பாக விரிந்தது. கடைக்காரர், ஆசிரியர், மாணவர், ஓட்டோச் சாரதி என்று பலரும் கிழமையிற் சில மணித்தியாலம் ஒதுக்கித் தம் அயலிலுள்ள படுக்கை நோயாளரைப் பார்த்தனர். 2008 இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. ஊராட்சிகளின் ஆதரவோடு தாதியர் வீடு வீடாகச் செல்கின்றனர். அயலவர் கை கொடுக்க, தாதி அறிவு கொடுக்கின்றார்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 கோடி 68 இலட்சம் மக்களுக்கு இப்பராமரிப்பு தேவைப்படுகின்றது, அவர்களுள் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கின்றது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எமது நாட்டிலும் 2019 முதல் 2023 வரையான காலத்திற்கு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. திட்டம் எழுதப்பட்டால் மாத்திரம் போதாது. தெல்லிப்பழையிலோ மகரகமையிலோ சிகிச்சை முடிந்து திரும்பி வருபவர் வந்து கிடப்பது ஏதோ ஓர் ஒழுங்கையிலுள்ள ஒரு வீட்டில்தான். அந்த வீட்டின் படலையைத் திறந்து உள்ளே போகவேண்டியவர்கள் அயலவரே.

அவர்கள் செய்யக்கூடியன பெரிய காரியங்களல்ல. இரவு முழுவதும் கண்விழித்த மகளை இரண்டு மணித்தியாலம் உறங்க விட்டுத் தாம் அருகில் இருக்கலாம். மருந்து நேரத்தைக் கொப்பியில் எழுதிவைக்க உதவலாம். "இன்னும் எவ்வளவு நாளாம்?" என்று நோயாளியின் காதுபடக் கேட்காதிருக்கலாம். தேர் வீதிவலம் வரும்போது, எழமுடியாதவரின் கட்டிலை யன்னலோரம் நகர்த்தி விடலாம். முப்பத்தோராம் நாள் முடிந்து சனம் கலைந்த பின்னர், தனித்திருக்கும் மனைவியை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். பயிற்சி பெற்ற தாதி இறப்புக்குப் பின்னரும் குடும்பத்தாரை மறப்பதில்லை.

கடன் தீருமா?

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை காணலாம். குணமாக்குதல் கடனாயின், குணமாக்க முடியாதென்று தெரிந்த அன்றே கடன் முடிந்துவிடும். வைத்தியம் வல்லமையைப் பொறுத்தது, வல்லமைக்கு எல்லையுண்டு. ஆனால் மனிதருக்கு மனிதர் பட்ட கடன் வல்லமையிலிருந்து பிறந்ததன்று. அவர் எம்மைப் பெற்றவர், எம்மோடு வாழ்ந்தவர், எமது அயலில் இருந்தவர் என்பதிலிருந்து பிறந்தது. அந்த உறவு நோய் முற்றியதால் முறிவதில்லை. ஆகவே கடனும் முடிவதில்லை. நோய் தீராத இடத்தில் கடனும் தீராது.

"செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்ட இடத்தில் இத்தாதி செய்பவற்றை எண்ணிப் பார்த்தால், நோவைக் கேட்பது, நேரத்துக்கு மருந்து கொடுப்பது, புண்ணைத் துடைப்பது, உதட்டை நனைப்பது, உண்மையை அளவறிந்து சொல்வது, அழும்போது எழுந்து போகாதிருப்பது என்று பட்டியல் நீள்கின்றது. இவற்றுள் ஒன்றேனும் உயிரைத் திருப்பித் தருவதில்லை. ஆயினும் போகின்ற உயிர் தனித்துப் போகவில்லை.

டேவிட் ரஸ்மா கேட்டது ஒரு யன்னல். படுக்கையில் கிடப்பவருக்கு யன்னல் என்பது உலகம் இன்னும் தன்னை மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு ஒழுங்கையிலும், யாரோ ஒருவர் அப்படியொரு யன்னலை எதிர்பார்த்துக் கிடக்கின்றார். அதனைத் திறந்துவிடும் மனத்தையும், கண்விழித்துப் பராமரிக்கும் தாதியருக்கும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் தளராத பலத்தையும் எல்லாம் வல்ல இறைவன் தந்தருள்வானாக.